ஐம்பது வார்த்தை

சேஷகிரி ராவ் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் விற்கிறான் என்பது எங்கள் மண்டியில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு விற்கிறான் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குண்டூர் மிளகாய் யார்டில் நானும் அவனும் ஒரே கமிஷன் மண்டியில் குமாஸ்தாக்கள். தராசு முன்னால் நின்று அவன் எடையைச் சத்தமாகச் சொல்வான், நான் சீட்டில் எழுதுவேன். சோளிங்கரிலிருந்து இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மிளகாய் நெடியில் கண் எரிவது எப்போதோ நின்றுவிட்டது, இருமல் மட்டும் நிற்கவில்லை. யார்டில் இருமாதவன் யார்? மூட்டை தூக்குகிறவன், லாரி டிரைவர், டீக்கடைக்காரன், முதலாளி, எல்லோரும் இருமுவார்கள். மார்ச் மாதத்தில் தேஜா ரகம் வந்து குவியும்போது வாசலில் கட்டியிருக்கிற எருமைகூட இருமும். அதை யாரும் நோயென்று நினைத்ததே இல்லை.

சேஷுவின் அக்கா சாம்ராஜ்யம் அதே மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள். நாற்பத்தாறு வயது. புருஷன் புல்லய்யா தெனாலியில் இன்னொருத்தியோடு இருக்கிறான். ஆனாலும் கழுத்துக் கருகமணியும் கால் மெட்டியும் இவள் கழற்றவில்லை. ஏன் என்று விமலா, அதாவது சேஷுவின் பெண்டாட்டி, ஒருமுறை கேட்டதற்கு, அவன் செத்தால் எனக்குத் தகவல் சொல்ல ஆள் வரட்டும், அப்போது கழற்றிக்கொள்கிறேன் என்று சொன்னாளாம். அப்பா அம்மா போனபின் பன்னிரண்டு வயதுத் தம்பியை இழுத்துக்கொண்டு வந்து இந்தக் காம்பைக் கிள்ளித்தான் டிகிரி வரை படிக்கவைத்தாள். இப்போதும் மூன்று பேரும் ஒரே வீடுதான். விமலா ஆறு மாதக் கர்ப்பம்.

காம்பு கிள்ளுகிற பெண்கள் செட்டு செட்டாக வேலை செய்வார்கள். எஸ்தேரம்மாவின் செட்டில் பதினொரு பேர். எல்லோரும் கிள்ளியதை ஒன்றாக எடை போட்டு, கூலியைப் பதினொன்றாகப் பிரிப்பார்கள். கை வேகமானவளுக்கும் மந்தமானவளுக்கும் ஒரே பங்கு. அதனால் ஒரு செட்டுக்குள் நுழைவது பெண்ணுக்கு வரன் முடிப்பதைவிடக் கஷ்டம். நுழைந்துவிட்டால் சாகிறவரை இடம் உண்டு. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தாலும் பங்கு வீட்டுக்கு வந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையிலிருந்து மிளகாய் தொட்ட கையால் சோறு எடுத்து வாயில் வைக்க முடியாது, நாக்கு வெந்துவிடும். அதனால் தினமும் ஒருத்தி முறை வைத்து, பதினோரு மணிக்கே வேலையிலிருந்து எழுந்துவிடுவாள். கையில் மோரைத் தேய்த்து, சாம்பல் போட்டு, மறுபடி மோரில் கழுவி, அந்தக் கையால் பதினொரு பேருடைய சோற்றையும் ஒரே அகலப் பாத்திரத்தில் கொட்டி, கோங்குரா ஊறுகாயும் எண்ணெயும் விட்டுப் பிசைவாள். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து வாயைத் திறப்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அந்த ஒரு வேளை குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்குவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். என் டிபன் டப்பாவை நான் தனியாகத்தான் தின்கிறேன்.

சேஷு போட்டோ வேலையில் இறங்கி நான்கு வருஷம் இருக்கும். சம்பளம் போதவில்லை, வேறென்ன காரணம். கல்யாண வீடியோக்காரன் ஒருவனிடம் பழைய கேமரா வாங்கினான். முதலில் சூரியன் விழுவது, தாமரைப்பூ, நாய்க்குட்டி என்று எடுத்துப் போட்டான். பாதியை அந்த வெப்சைட்டுக்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். மீதியை யாரும் சீண்டவில்லை. உலகத்தில் உள்ளவன் எல்லாம் சூரியனை எடுத்துப் போட்டிருக்கிறான் அண்ணய்யா, குண்டூரில் விழுகிற சூரியன் எவனுக்கு வேண்டும் என்று அவனே சொல்லிச் சிரித்தான். பிறகு மிளகாய்க் களத்தை எடுத்தான். சிவப்பாகப் பரப்பிக் கிடப்பது கொஞ்சம் போயிற்று. ஒரு மாதம் கேஸ் சிலிண்டர் வாங்குகிற அளவுக்கு வந்தது, ஒரு மாதம் பால்காரனுக்குக் கொடுக்கிற அளவுக்கு. மனுஷ முகம் இருந்தால்தான் நன்றாகப் போகும் என்று அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தான். முகம் இருந்தால் அந்த ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும். யார்டில் எந்தப் பெண் போடுவாள்? வீட்டிலேயே ஒரு முகம் இருந்தது.

போன வருஷம் பிப்ரவரியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, குளிர்கிடங்கின் வெள்ளைச் சுவர் ஓரமாக அக்காவை நிறுத்தினான். வேலையிலிருந்து எழுந்து வந்த கோலம். நெடிக்காக முந்தானையை வாய்மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் முந்தானையை எடுத்துத் தலையைச் சரிசெய்யப் போனாள். எதையும் தொடாதே, அப்படியே இரு என்றான். கொஞ்சம் இடது பக்கம் நகரச் சொன்னான்.

"ஏண்டா, என்னை ஓரத்துல தள்ளிட்டு சுவத்தையா எடுக்கப் போற?"

"அந்தப் பக்கம் காலியா இருக்கணும்க்கா. வாங்கறவங்க அதுல ஏதாவது எழுதிக்குவாங்க."

"என்ன எழுதுவாங்க?"

"எண்ணெய் விளம்பரம், சோப்பு, ஏதாவது. சிரிக்காத."

நான் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டு நின்றேன். சாயந்திரம் சேஷு ஒரு இங்கிலீஷ் தாளைக் கொண்டுவந்தான். அக்கா அதில் தெலுங்கில் தன் பெயரை எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். ஒருவரும் படிக்கவில்லை. இதில் எங்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. யார்டில் ஒரு நாளைக்கு இருநூறு எடைச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறோம். நீட்டியவன் முகத்தைப் பார்த்துப் போடுவதுதான் பழக்கம், தாளைப் பார்த்து அல்ல. தாளைப் படித்தால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம், அது இங்கே பெரிய அவமானம்.

செட்டில் இதைச் சொல்லாதே என்று மட்டும் அவள் தம்பியிடம் கேட்டுக்கொண்டாள். அக்கா மூஞ்சியை விற்றுத் தின்கிறான் என்று யாராவது விளையாட்டுக்குச் சொல்லிவிட்டால் அது பெயராக ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அந்தப் படம் நன்றாகவே போயிற்று. அவன் போட்ட எல்லாப் படத்தையும்விட அதுதான் அதிகம் போயிற்று. உன் மூஞ்சியை வெளிநாட்டுக்காரன் வாங்குகிறான் அக்கா என்று வீட்டில் சொல்வானாம். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பார்ப்பாளாம். விமலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மார்ச் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, யார்டு வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்துக்கு மேல் புது பேனர் கட்டியிருந்தார்கள். இருபதடி அகலம். இடது பக்கம் சாம்ராஜ்யம். முந்தானை வாயில், கண்ணில் நீர். வலது பக்கம் காலியாக இருந்த சுவரில் சிவப்பு எழுத்து: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? காசநோயாக இருக்கலாம். மறைக்காதீர்கள். கீழே ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர், போன் நம்பர். அதற்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வரி.

முதலில் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிற ஹமாலிகள் அவளைப் பார்த்து, அம்மா, உன் பேனர் எலெக்‌ஷனில் நிற்கிறவனுடைய பேனரைவிடப் பெரிசு என்றார்கள். அவளும் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தாள். கூட்டம் படிக்கத் தெரிந்தவனைச் சுற்றிக் கூடியது, அவன் படித்தான், சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றைக்கு மோரில் கை கழுவுகிற முறை அவளுடையது. பதினோரு மணிக்கு எழுந்தாள், கழுவினாள், பிசைந்தாள். முதல் உருண்டையை எடுத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். அவள் எனக்கு இன்றைக்குப் பசியில்லை அக்கா என்றாள். அடுத்தவள் பல் வலி என்றாள். மூன்றாமவள் தலையைக் குனிந்துகொண்டாள். எஸ்தேரம்மா மட்டும் எழுந்து வந்து வாயைத் திறந்து ஒரு வாய் வாங்கினாள். வாங்கினாளே தவிர, கிணற்றடிப் பக்கம் போய்த் துப்பினாள். நான் பார்த்தேன். சாம்ராஜ்யம் பார்த்தாளா என்று தெரியவில்லை. அவள் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தானே ஒரு உருண்டையைத் தின்றாள். மீதியை எருமைக்குப் போட்டார்கள்.

அன்று மாலை எஸ்தேரம்மா சாம்ராஜ்யத்தின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்கு எழுத வசதியாக இருக்கும். ஆனால் அவள் கெட்டவள் இல்லை. திண்டாட்டத்தோடுதான் வந்தாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு.

"சாம்ராஜ்யம், ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கு இருக்கா?"

"என்ன இருக்கா? நீ இருமலியா? நான் இருமறது உனக்குத் தெரியாதா? அது நெடிக்கு முந்தானை பிடிச்சது எஸ்தேரு. சேஷு எடுத்தான். அதை எவனோ திருடி இப்படிப் போட்டுட்டான்."

"திருடறவன் ஏன் காசநோய்னு போடணும்? ஊர்ல எத்தனை பொம்பளை இருக்கா."

சாம்ராஜ்யம் தம்பியைப் பார்த்தாள். சேஷு செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கிறேன், எடுத்துவிடுவார்கள் என்றான். அவன் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கேட்கவில்லை, நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.

இதற்குள் விஷயம் செட்டைத் தாண்டிவிட்டது. ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள் சரக்குப் பார்க்க வந்தவன், பேனரைப் பார்த்தான், உள்ளே வந்து அதே முகத்தையும் பார்த்தான். இந்த மண்டியில் கிள்ளிய காய் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனான். முதலாளி கத்தினார். அந்தப் பெண்ணுக்கு நோய் இருந்தால் அவள் போகட்டும், இல்லையென்றால் இந்த வேலையைச் செய்தவன் எவன் என்று தெரிந்தாகவேண்டும், அவன் என் மண்டியில் இருந்தால் அன்றைக்கே வெளியே என்றார். எஸ்தேரம்மா இதைத்தான் சுருக்கமாகச் சொன்னாள். நோய் உனக்கு இருக்கணும், இல்லன்னா உனக்கு இருக்குன்னு உன் தம்பி சொல்லியிருக்கணும், ரெண்டுல ஒண்ணு. நோய் இல்லன்னு பேப்பர் கொண்டுவா, உன் இடம் அப்படியே இருக்கும். அதுவரை வராதே.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சளி கொடுத்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. கையகலச் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு மண்டிக்கு ஓடி வந்தாள். முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது இன்றைக்கு இல்லை என்கிறது, அந்தப் போட்டோ எப்போது எடுத்தது, அப்போது இருந்ததா இல்லையா என்று கேட்டார். அதற்கு ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுப்பதில்லை.

ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள். முப்பது வருஷத்தில் சீசன் நேரத்தில் அவள் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. விமலாவைக் கேட்காமல் பாத்திரங்களை எல்லாம் திரும்பத் திரும்பத் தேய்த்தாளாம். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால் வரிசை கொஞ்சம் விலகும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலாவது திருப்பித் திட்டலாம். சேஷு ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று விமலா சொன்னாள். அக்காவுக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்திருந்தாள்.

பத்தாம் நாள் சாம்ராஜ்யமே முடிவு செய்தாள். பேனரில் இருக்கிற போன் நம்பருக்கு என்னைப் பேசச் சொன்னாள். ஆபீஸ் விஜயவாடாவில் இருந்தது. நேரில் போய், என் படத்தை எங்கிருந்து திருடினீர்கள் என்று கேட்டு, எழுதி வாங்கி வருவது என்று தீர்மானம். சேஷு, நான் மட்டும் போகிறேன், நீ எதற்கு வெயிலில் என்றான். இரண்டு தடவை சொன்னான். திருடு போனது என் முகம், நான்தான் கேட்பேன் என்றாள். என்னையும் இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று கூட்டிக்கொண்டார்கள்.

ஆபீஸில் இருந்த மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாம்ராஜ்யத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பேனரை டிசைன் செய்தபோது மாதக்கணக்கில் பார்த்த முகம் அல்லவா. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், தன் டம்ளரிலேயே கொடுத்தாள். ஒன்பது நாளில் அப்படிக் கொடுத்தது அவள் ஒருத்திதான். சாம்ராஜ்யம் டம்ளரைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடித்தாள்.

நாங்கள் திருடவில்லை அம்மா, பணம் கட்டி வாங்கினோம் என்றாள் மேடம். நிஜமான நோயாளியின் படத்தைப் போட்டால் அவருக்குச் சங்கடம் என்றுதான் இப்படி வாங்குவோம், படத்தில் இருப்பவர் மாடல் என்று கீழே ஒரு வரியும் போட்டிருக்கிறோம் என்றாள். அந்த எறும்பு வரி அதுதான். கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். தேடுகிற இடத்தில் அவள் காசநோய், பெண், இந்தியா என்று இங்கிலீஷில் அடித்தாள். முதல் வரிசையிலேயே சாம்ராஜ்யம் வந்து நின்றாள்.

"எங்க தேடினாலும் உங்க படம்தாம்மா முதல்ல வருது. எடுத்தவர் அப்படித்தான் குறிச்சிருக்கார்."

"என்னன்னு குறிச்சிருக்கு? படிங்க மேடம்."

சேஷு எழுந்து, அக்கா, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பது வார்த்தை வரை போடலாம், வாங்குகிறவர்கள் அந்த வார்த்தையை வைத்துத்தான் தேடுவார்கள் என்று மேடம் விளக்கினாள். பிறகு இங்கிலீஷைப் பார்த்துத் தெலுங்கில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கு எங்கள் மூவருக்குள் என்ன உறவு என்று தெரியாது, பாவம்.

பெண். இந்தியா. ஏழை. கிராமம். முதியவள். விதவை. இருமல். நோய். நோயாளி. தொற்று. காசநோய். மருத்துவமனை. அழுகை. தனிமை. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. மிளகாய் என்ற வார்த்தை எங்காவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கடைசியில் எடுத்தவர் பெயர் சேஷகிரி ராவ், குண்டூர் என்று படித்து முடித்தாள்.

சாம்ராஜ்யம் கழுத்துக் கருகமணியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அவனை அங்கேயே அறையவேண்டும்போல் இருந்தது. அவனைவிட எட்டு வயது பெரியவன் நான், அறைந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இரண்டாவது கையெழுத்து யாருடையது?

மேடம் நல்லவள். ஒரு வாரத்தில் எல்லா ஊரிலும் பேனரை இறக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். மூன்று மாவட்டத்தில் முந்நூறு இடத்தில் கட்டியிருக்கிறார்களாம். நாங்கள் கேட்டபடி லெட்டர்பேடில் தெலுங்கில் எழுதியும் கொடுத்தாள். இந்தப் பெண் எங்கள் நோயாளி அல்ல, இவருக்குக் காசநோய் இருந்ததாக எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை, படம் எடுத்த சேஷகிரி ராவ் கொடுத்த குறிப்பை நம்பி வாங்கினோம் என்று இருந்தது. கையெழுத்து, சீல் எல்லாம் போட்டாள். அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று சேஷு மெதுவாகக் கேட்டான். ஏன் என்று கேட்டாள் மேடம். இருப்பதைத்தானே எழுதியிருக்கிறேன் என்று கவரில் போட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அக்காவும் தம்பியும் ஒரே சீட்டில், நான் பின்சீட்டில். பஸ் மங்களகிரியைத் தாண்டியது. வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. வழியெல்லாம் களத்தில் மிளகாய் காய்ந்தது.

"நீயேவாடா எழுதின?"

"நானா யோசிச்சு எழுதலக்கா. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் எங்க வரும். இதே மாதிரி வாயை மூடின பொம்பளை படம் ஒண்ணு நல்லா வித்திட்டிருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரன் எடுத்தது. அதுல இருந்த அம்பதையும் அப்படியே எடுத்துப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"அர்த்தம் தெரியாமயா?"

"தெரியும்" என்றான். "நோய்ன்னு போட்டா சீக்கிரம் போகும்க்கா. அழகு, பூன்னு போட்டா யாரும் வாங்கறதில்ல."

"அம்பதுல என் பேரு இருந்துச்சா?"

"பேரு போட மாட்டாங்கக்கா."

"சரி."

அதன்பிறகு அவன் அழுதான். முதுகு குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. அவள் அவனைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. கவரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் மண்டிக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். செட்டு வேலையை நிறுத்திவிட்டு எழுந்தது. எஸ்தேரம்மா முன்னால் வந்தாள். முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து வாசலுக்கு வந்து நின்றார். ஹமாலிகள்கூட மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். நானும் சேஷுவும் தராசுப் பக்கம். ராத்திரி முழுக்க அக்கா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"பேப்பர் கிடைச்சுதா?" என்றாள் எஸ்தேரம்மா. அவள் குரலில் ஆசை இருந்தது. கிடைத்தது என்று சொல்லவேண்டுமே என்கிற ஆசை. பதினோராவது இடத்தில் இன்னும் யாரையும் உட்காரவைக்கவில்லை, கோணியை விரித்தே வைத்திருந்தாள்.

சாம்ராஜ்யத்தின் கை ஜாக்கெட் பக்கம் போயிற்று. அந்தக் கவர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்தால் அவளுக்குச் செட்டு திரும்பக் கிடைக்கும், சாகிறவரை இருக்கிற இடம். தம்பி அந்த நிமிஷமே வெளியே போவான். யார்டில் வேறு மண்டியிலும் அவனைச் சேர்க்கமாட்டார்கள். விமலாவுக்கு இது ஏழாம் மாதம்.

அவள் எடுத்தது கவரை அல்ல. ஆஸ்பத்திரியின் கையகலச் சீட்டை.

"எனக்கு இருந்துச்சு எஸ்தேரு. ரெண்டு வருஷம் முன்னாடி. மருந்து சாப்பிட்டேன், போயிடுச்சு. இதோ இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அந்தப் படம் அப்ப பேனர் போட்டவங்க ஆஸ்பத்திரியில எடுத்தது. சேஷு எடுத்தான்னு நான்தான் பொய் சொன்னேன்."

மிளகாய்க் குவியலில் ஒருத்தி இருமினாள், சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

எஸ்தேரம்மா அந்தச் சீட்டை வாங்கவில்லை. "நோய் வந்ததுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி" என்றாள். "என் மருமகனுக்கும் வந்துச்சு. வெளியில சொல்லியிருந்தா நாங்களே மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்போம். அந்த ரெண்டு வருஷமும் உன் முறை வந்தப்பல்லாம் கை கழுவிட்டு எங்க வாயில சோறு வச்சியே. அப்பக்கூட சொல்லத் தோணலியா?"

சாம்ராஜ்யம் தோணல என்றாள்.

இதில் பொய் எது என்று தெரிந்தவர்கள் அந்த இடத்தில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி பொய்யைச் சொல்லி முடித்துவிட்டாள். நான் சேஷுவைப் பார்த்தேன். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. இப்போது சொல்வான், இதோ சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் சொல்லட்டும், பிறகு நான் சொல்கிறேன் என்று என் மனம் ஒரு கணக்குப் போட்டது. அவனும் என்னைப் பார்த்தான். அதே கணக்கை அவனும் போட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ.

முதலாளி, சரி சரி, ஆனது ஆயிற்று, லாரி காத்திருக்கிறது என்று கையைத் தட்டினார். எஸ்தேரம்மா குனிந்து, பதினோராவது கோணியைச் சுருட்டினாள். சாம்ராஜ்யம் யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தாள். தராசைக் கடந்துதான் போகவேண்டும். கடந்தபோது, மதியம் விமலாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும், மறக்காதே என்று தம்பியிடம் சொன்னாள். அவள் வெளியே போய், பேனருக்குக் கீழே, பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இருபதடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று. பஸ் வர ரொம்ப நேரம் ஆயிற்று.

ஹமாலிகள் அடுத்த மூட்டையைத் தராசில் போட்டார்கள். சேஷு முள்ளைப் பார்த்து, நாற்பத்து மூன்று என்று சத்தமாகச் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன்.